விளைமீன் தலை

“மீன் இல்லாட்டி அது கூழில்லை மச்சாள், கஷாயம்.”

“சாகக் கிடக்கேக்கையும் உமக்கு நாக்கு நீளந்தான்,” என்றாள் பராசக்தி. “எங்கடை அடுப்பிலை மீன்சட்டி ஏறாது.”

பாயில் கிடந்த பூரணம் சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. அவள் மகள் குணலட்சுமி அடுப்படியில் குந்தியிருந்து, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல்மா ஊறிய தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். கைப்பு இன்னும் போகவில்லை.

பூரணம் மயிலிட்டிக் கடற்கரைக்காரி, மீன்பிடிகாரர் வீட்டுப் பிள்ளை. புகையிலை விற்கப் போன கதிரவேலு அவளைக் கட்டிப் புத்தூரில் தன் சைவ வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து அவள் மீன் தொட்டதில்லை. இங்கே கூழென்றால் மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை. அங்கே நண்டும் இறாலும் வெந்த பிறகு மீன்தலை விழும். புளி கண்ணைச் சுருங்க வைக்கும். அரிசி கூப்பனுக்கு மட்டும் அளந்து கிடைத்து வீடெல்லாம் கூழ் குடித்த இந்த வருடத்தில்தான் அவள் அதை வாய்விட்டுக் கேட்டாள். ஒரே ஒரு வாய்.

பின்வளவில், மாமரத்துக்குக் கீழே, தனிச் சட்டியில் காய்ச்சுகிறேன் என்று காலையில் குணலட்சுமி மாமியிடம் கெஞ்சியிருந்தாள். பராசக்தி கோபிக்கவில்லை. குணலட்சுமிக்குப் பேசியிருந்த தன் மகன் தியாகராசாவுக்குப் பெண் கொடுக்கப் புலோலியிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். கதிரவேலு தன் அக்கா பராசக்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு குணலட்சுமி மீனைப் பற்றிக் கதைக்கவில்லை.

கூழ் கொதித்தபோது பராசக்தி இன்னும் ஒரு பிடி புளியைக் கரைத்து ஊற்றினாள். செத்தல் மிளகாயையும் கூட அரைத்துப் போட்டாள்.

“மீன் போட்டதெண்டு சொல்லிக் குடு. காய்ச்சல்காரிக்கு என்ன தெரியப்போகுது.”

குணலட்சுமி பனையோலைப் பிளாவில் கூழை வார்த்துத் தாயின் வாயருகே பிடித்தாள். பூரணம் ஒரு மிடறு எடுத்தாள். விழுங்காமல் நெடுநேரம் வாய்க்குள் வைத்திருந்தாள்.

“என்ன மீன் பிள்ளை?”

வாசலில் பராசக்தி நின்றாள்.

“விளைமீன் தலை அம்மா.”

“மெய்யாவோ?”

“ஓம்.”

பூரணம் இன்னொரு மிடறு குடித்தாள். அவசரமாக, எதையோ தேடுவதுபோல. பிறகு பிளாவை மெல்லத் தள்ளினாள்.

“எனக்கு மீன் ருசி ஒண்டும் தெரியேல்லை. நாக்குச் செத்துப்போச்சு. அப்ப முடிஞ்சுது.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் தண்ணீர் கொடுத்தார்கள்; வாயைத் திறக்கவில்லை. பொழுது சாய முன்னர் மூச்சு நின்றது.

“நான் சொன்னனான்தானே, தெரியாதெண்டு,” என்றாள் பராசக்தி. பிறகு தலைவிரித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் பறை முழங்கிக்கொண்டிருந்தபோது மயிலிட்டியிலிருந்து பூரணத்தின் தமையன் ஏரம்பு சைக்கிளில் வந்து சேர்ந்தார். உள்ளே வரச்சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் வேலிப் படலைக்கு வெளியே வெயிலில் நின்றார். பராசக்தி சாவீட்டில் மிச்சம் வைக்கக்கூடாதென்று நேற்றைய கூழை வாழையடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோழிகள் ஓடிவந்தன.

குணலட்சுமி படலையடிக்குப் போனாள். அவர் அவள் தலையைத் தொடக் கையைத் தூக்கினார். வாழையடியில் நின்ற பராசக்தியைக் கண்டதும் கை பாதியில் இறங்கியது.

“அம்மான்...” என்றாள். படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அழாதை. தங்கச்சி கடைசியா எதுக்கு ஆசைப்பட்டவள், என்ன குடுத்தனீங்கள் எண்டு வீட்டிலை கேப்பினம். ஒருக்காச் சொல்லு பிள்ளை, நான் போய்ச் சொல்லோணும்.”