போர்த்தாத பொன்னாடை

மடித்த பொன்னாடையைக் கையில் ஏந்தி நின்றாள் பவானேஸ்வரி. தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள், எந்த மேலாளர் முன்னாலும் இப்படிப் பயந்து நின்றதில்லை.

'பாடாங்' என்று அவர்கள் சொல்லும் தோட்டத்துத் திடலில் கானோப்பிப் பந்தல் போட்டு நூறு நாற்காலி விரித்திருந்தார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் ஒன்பதே நாள். வேட்பாளர் ஹரிதாஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மனுஷன் இன்னும் ஜெயிக்கவே இல்லை, அதற்குள் சட்டமன்ற உறுப்பினரைக் கூப்பிடுவதுபோல வாய்க்கு வாய் 'வைபி, வைபி' என்று நம் சனம் குழைந்தது. பின்னால் கட்டிய பேனரில் அவர் கட்டித்தரப்போகும் மண்டபத்தின் படம். மேடையாம், நடன வகுப்பாம், இசை வகுப்பாம். எங்கே கட்டப்போகிறார் என்பது மட்டும் அதில் இல்லை. அதைக் கேட்காமலே எல்லாரும் கைதட்டியாயிற்று.

காலையில் இரண்டு பேர் வந்து இந்தத் திடலை அளந்து, கபடிக் கோட்டின் மேலேயே ஒரு மரமுளையை அடித்துவிட்டுப் போனதைப் பவானேஸ்வரி பார்த்திருந்தாள். பதினான்கு பெண்பிள்ளைகளுக்கு அவள் கபடி சொல்லிக்கொடுக்கும் இடம் அது. இது போனால் அவர்களுக்கு வேறு இடமில்லை.

நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே, வந்தவருக்கு முதலில் பொன்னாடை, அப்புறம்தான் பேச்சு. போர்த்திவிட்டு அவரையே மடக்கிக் கேள்வி கேட்டால் மரியாதை தெரியாதவள் என்று பெயர். போன தேர்தலில் வேறொருவருக்கு இவள்தான் போர்த்தினாள், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். கிடைத்தது ஒரு பூப்பந்து மைதானம். அதற்கும் பூட்டு, சாவி டவுனில் யாரிடமோ. அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வரும்.

"பவானி, போத்தும்மா," என்றார் தோட்டக் கமிட்டித் தலைவர் காளிமுத்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

"ஒன்னு கேட்டுட்டுப் போத்துறேன் மாமா."

"பேசினப்பறம் கேளுலா. மானத்த வாங்காத."

"அப்பறம் கேக்க விடமாட்டீங்க மாமா." அவள் ஹரிதாஸ் பக்கம் திரும்பினாள். "தம்பி, ஹால எங்க கட்டப்போறீங்க?"

ஹரிதாஸ் சிரித்தார். "இன்னும் முடிவாகலக்கா."

"காலைல இந்தப் பாடாங்க அளந்துட்டுப் போனாங்களே."

சிரிப்பு போய்விட்டது. "இங்கன்னா பெர்மிட் சுலபமா கெடைக்கும். பிள்ளைங்க உள்ளயே விளையாடலாம்."

"சிமெண்டுத் தரையில கபடியா தம்பி? பாடாங்குல கை வைக்கமாட்டேன்னு சொல்லுங்க, இப்பவே போத்துறேன்."

"அத இப்ப சொல்ல முடியாதுக்கா."

காளிமுத்துவுக்கு முகம் சிவந்தது. வெடுக்கென்று பொன்னாடையைப் பிடுங்கி, உதறி விரித்துக்கொண்டு அவரே போனார். ஓரத்தில் ஜெர்சி போட்டு நின்ற கபடிக் குழுவில் அவருடைய பேத்தி ஷாமினியும் இருந்தாள்.

"அப்ப நாங்க எங்க போறது தாத்தா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். காளிமுத்துவின் தூக்கிய கை அப்படியே நின்றது. பேத்தியைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், பொன்னாடையை மெல்ல மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல பேசுங்க தம்பி," என்றார். "எடத்தப் பத்திப் பேசுங்க."

ஹரிதாஸ் இருபது நிமிஷம் பேசினார். கலை பற்றி, பண்பாடு பற்றி, இளைஞர்கள் பற்றி. இடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. வெறும் தோளோடு காரில் ஏறிப் போனார்.

காளிமுத்து பொன்னாடையைப் பவானேஸ்வரியிடம் நீட்டினார். "வியாழக்கிழம எதிர்க்கட்சிக்காரன் வரான். நீயே வச்சிரு."

"போத்தணுமா மாமா?"

"கேட்டுட்டுப் போத்து."

நாளைக்கு யார் யார் சண்டைக்கு வருவார்களோ என்ற பயம் அவளுக்குப் போகவில்லை. பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு, கபடிக் கோட்டில் இறுகியிருந்த முளையை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி எறிந்தாள்.

"வாங்கடி, கோட்டப் போடுங்க."