மெத்தைக் கடையின் வெறும் இடம்

மாப்பிள்ளை போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களும் என்னைப் போல வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எங்களுடையது கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்கிற கடை. இரும்பு வெட்டி, பற்றவைத்து, தகடு அடிப்பது நான். அதில் எழுத்து வரைந்து வண்ணம் போடுவது என் தங்கை வீட்டுக்காரர். எனக்கு எழுத்து வராது, கையெழுத்தே கோணல். அவர் இல்லையென்றால் என் கடை வெறும் ஜன்னல் கம்பி செய்கிற கடை. அப்படிப்பட்ட கடைகள் இந்தத் தெருவிலேயே தேவைக்கு மேல் இருக்கின்றன.

போர்டுக்குச் சதுர அடிக் கணக்கில்தான் காசு. இரும்பு, தகடு, வண்ணம், கூலி எல்லாம் அதில் அடக்கம். வரைகிறதுக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. வருகிறவர்கள் தகட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், கம்பியின் கனம் பார்ப்பார்கள். மாப்பிள்ளை நாள் கணக்கில் உட்கார்ந்து வரைந்ததை மட்டும், தாகத்துக்குக் கொடுக்கிற தண்ணீர் மாதிரி ஓசி என்று நினைப்பார்கள். ஓசியில் வந்ததை எவன் மதித்தான்? இங்கே ஒரு பூ, அங்கே என் படம், போன் நம்பரைப் பெரிசாக்கு என்று திணித்துத் திணித்து, கடைசியில் போர்டு அழுக்குத் துணி மூட்டை மாதிரி ஆகிவிடும்.

ஒரு நாள் மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

"மச்சான், அடுத்த போர்டையும் இப்படிக் குப்பையாக்கினா, நான் அந்த பிரிண்டிங் கடைக்குப் போயிடறேன். கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

"அங்க மிஷின்ல தாளைப் போட்டு எடுக்கிற வேலைதானே?"

"ஆமா. அங்க யாரும் என்னை வரையச் சொல்ல மாட்டாங்க. அதனால யாரும் கெடுக்கவும் முடியாது."

அடுத்து வந்து சேர்ந்தவர் ஒரு மெத்தைக் கடைக்காரர். எதைப் பார்த்தாலும் கையை வைத்து அழுத்திப் பார்க்கிற ஆள். என் மேஜையைக்கூட அழுத்திப் பார்த்தார்.

அவருக்கு மாப்பிள்ளை வரைந்து வைத்திருந்த படம் இதுதான்: போர்டு முழுக்கக் கருநீலம். அடியில், தரையோடு தரையாக, மெத்தை என்ற எழுத்து, ஒருக்களித்துப் படுத்த மாதிரி. மேலே ஒன்றுமே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது புரியவில்லை. ஆனால் பார்த்ததும் கொட்டாவி வந்தது.

மெத்தைக்காரருக்கு வந்தது கோபம்.

"மேல முக்கால்வாசி சும்மா கிடக்கே, பெரியவரே. ஒரு தலையணை, என் போட்டோ, மூணு போன் நம்பர், எல்லாம் தாராளமா அடங்கும்."

"அடங்கும். ஆனா தூக்கம் வராது," என்றார் மாப்பிள்ளை.

"தூக்கம் எதுக்குத் தம்பி? எனக்கு வியாபாரம் வரணும். ஒண்ணுமில்லாத இடத்துக்கெல்லாம் அடிக்கணக்குல அழ நான் என்ன இளிச்சவாயனா? எழுத்து இருக்கிற இடத்துக்கு மட்டும்தான் காசு தருவேன். இல்லன்னா நான் சொல்றதையெல்லாம் எழுதிக் கொடு."

மாப்பிள்ளை எப்போதும் பென்சிலைக் காதில் செருகுவார். அன்றைக்கு அதை மேஜை டிராயரில் போட்டு மூடினார். நான் அவசரமாக வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சரி முதலாளி. எழுத்து இருக்கிற இடத்துக்கு மட்டும் கொடுங்க. மிச்ச இடம் எங்களோடது."

அவர் சிரித்தார். "தாராளமா வெச்சுக்கங்க. வீடுகூடக் கட்டிக்கங்க."

எழுதி வாங்காத பேச்சு பற்றவைக்காத கம்பி மாதிரி. தொட்டால் கையோடு வந்துவிடும். படத்தின் பின்பக்கத்தில் அதை எழுதவைத்து, அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் இரும்பில் கை வைத்தேன்.

போர்டு ஏறியது. மாப்பிள்ளை எதிர்ப்பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கைக்காசைப் போட்டு இதைக் காப்பாத்திட்டீங்க," என்றார். "இன்னும் எத்தனை போர்டுக்கு மச்சான் இப்படிப் போடுவீங்க?"

நான் ஏணியை மடக்கித் தோளில் போட்டேன். போவேன் என்றும் அவர் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து மெத்தைக்காரர் கக்கத்தில் ஒரு சுருளோடு வந்தார். விரித்துக் காட்டினார். பெரிய மஞ்சள் நட்சத்திரம், நடுவில் பாதி விலை என்று சிவப்பு எழுத்து. அந்த பிரிண்டிங் கடையில் அடித்ததுதான்.

"ஏணியை எடுத்துக்கிட்டு வாங்க பெரியவரே. போர்டுல மேல ஒட்டணும்."

"அது எங்க இடமாச்சே, முதலாளி."

"விளையாடறீங்களா?"

படத்தைத் திருப்பிக் கையெழுத்தைக் காட்டினேன்.

"நானே ஆள் வெச்சு ஒட்டிக்கறேன். என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம். எங்க இடத்துல நாங்களும் எதையாவது எழுதிக்குவோம். அடுத்த தெரு மெத்தைக் கடைக்காரர் வாடகைக்கு இடம் தேடிக்கிட்டிருக்கார்."

பொய். அந்த ஆளை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் மெத்தைக்காரர் முகம் காற்றுப் போன டயர் மாதிரி ஆகிவிட்டது. தன் கடை வாசலுக்கு மேலேயே அடுத்தவன் பெயர். அதை மனசுக்குள் பார்த்துவிட்டார்.

"அந்த இடத்தை எனக்கே கொடுத்துடுங்க. என்ன விலை?"

"என்னைக் கேக்காதீங்க. நான் இரும்புக்காரன். இடம் அவரோடது."

மாப்பிள்ளை பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் வாயால் ஒரு விலை சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"ஒண்ணுமே இல்லாத இடத்துக்கா?"

"ஒண்ணுமே இல்லாம இருக்கத்தான் அந்த விலை. வேற யாரும் எழுத மாட்டாங்க. நீங்களும் எழுதக் கூடாது. எழுதறதா இருந்தா இதைவிட ஜாஸ்தி."

"காசையும் கொடுத்துட்டு சும்மா வேற வெச்சிருக்கணுமா?"

"ஆமா."

"கொஞ்சம் குறைச்சுக்க தம்பி."

"எதைக் குறைக்கிறது? அதுல எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே."

மெத்தைக்காரர் வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்து கொடுத்தார். அந்த நீலம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பயந்தார், அவ்வளவுதான். ரசித்துக் காசு கொடுக்கிறவனை நான் இன்னும் பார்க்கவில்லை. பயந்து கொடுத்தாலும் காசு காசுதான். நட்சத்திரத்தைத் தன் கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிக்கொண்டதாகக் கேள்வி.

அவர் போனதும் மாப்பிள்ளை போனை எடுத்தார். நான் தகடு தேடுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இல்லீங்க, வரல. இங்க வேலை இருக்கு." அவ்வளவுதான் பேச்சு. நான் தேடாத தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

பிறகு அவர் எழுந்து வந்து, நான் காலையில் பற்றவைத்திருந்த சட்டத்தைக் குனிந்து பார்த்தார். இந்த வாரங்களில் என் வேலையில் அவர் ஒரு குற்றம்கூடச் சொல்லவில்லை. போகிறவன்தான் அப்படி மரியாதையாக இருப்பான்.

"என்ன மச்சான் இது, மூலை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது. கண்ணை மூடிக்கிட்டுப் பத்தவெச்சீங்களா?"

"கோணல் உங்க கண்ணுல இருக்கு மாப்ளே."

"அளந்துதான் பாருங்களேன்."

அளக்கவில்லை. அறுத்துவிட்டு மறுபடியும் பற்றவைத்தேன்.