ஆகலாம் சார்

சின்னவன் ஒரு கம்ப்யூட்டர் புலி என்று அண்ணி பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் கம்பெனியில் போனில் ஆர்டர் எடுப்பது அவள் வேலை. “எங்க கொழுந்தன் எழுதின ப்ரோக்ராமை ஒரு தடவை பாருங்க சார்” என்று முதலாளியை நச்சரித்து அவனுக்கு அந்த வாய்ப்பை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

சும்மா சொல்லக்கூடாது, ப்ரோக்ராம் ஜோராகத்தான் இருந்தது. அவள் ஆர்டரைப் பதிந்த மறுநொடி டிரைவரின் போன் மணியடிக்கும், கிடங்கின் கையிருப்பு தானாகக் குறையும். யாரும் யாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம்.

எழுதும்போது அவனுக்கு ஒரு சொகுசு இருந்தது. தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று முகவரி எழுதாமல் விட்டால், சோதனை முறையில் ஓடும் ப்ரோக்ராம் கம்ப்யூட்டருக்குள்ளேயே கன்டெய்னர் என்கிற தற்காலிகப் பெட்டிகள் இரண்டைத் தானே எழுப்பிக்கொள்ளும். தகவலை வைக்க ஒன்று, மெசேஜ்களைக் கொண்டுபோக ஒன்று. நிறுத்தினால் இரண்டையும் உள்ளே இருப்பதோடு சேர்த்துத் துடைத்துப் போட்டுவிடும். எழுதுகிறவனுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் நிஜ ஆர்டர் வரும் இடத்தில் அப்படியே விட்டுவிட்டு வரலாமா? நம்ம புலி அதைத்தான் செய்தது. முகவரி எழுத வேண்டிய வரி காலியாகக் கிடக்க, ஓடுகிறதே, போதும் என்று கிளம்பி வந்துவிட்டான்.

முதல் நாள் வேலை முடிந்ததும் அண்ணி பொறுப்பாக, ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை திறந்தால், அன்றைக்கு அனுப்ப வேண்டிய ஆர்டர் ஒன்றுகூட அதிலும் இல்லை, டிரைவரின் போனிலும் இல்லை. சிலிண்டர் போகாத ஒரு வீட்டில் பெரியவருக்கு மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

முதலாளி அவனுக்கு போன் செய்தார். “யாராவது தெரியாத்தனமா ஆஃப் பண்ணினா இப்படி ஆகுமா?”

அவன் ப்ரோக்ராமைத் திறந்து பார்த்தான். அந்தக் காலி வரி கண்ணெதிரே திரையில் இருந்தது.

“ஆகலாம் சார்” என்றான்.

பொய்யில்லை பாருங்கள்! அணைத்ததால்தான் போயிற்று. அணைத்தால் போகும்படி வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை, இவனும் வாயைத் திறக்கவில்லை. அடப்பாவி, மாட்டப்போவது யார் என்று தெரிந்துதானே சொன்னாய்? அன்று முழுக்க அவனுக்கு வேலையில் மனசே ஓடவில்லை.

சாயங்காலம் அண்ணி வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவன் அறைவாசலில் நின்றாள்.

“தம்பி, உங்க ப்ரோக்ராமை நான் கெடுத்துட்டேன். எதை அழுத்தித் தொலைச்சேனோ தெரியல. மன்னிச்சிடுங்க தம்பி.”

“முதலாளி என்ன சொன்னாரு அண்ணி?”

“நாளையிலேருந்து வரவேணாம்னுட்டாரு. அது கெடக்கட்டும் தம்பி. தப்பு என்னோடது, ப்ரோக்ராம் மேல குத்தமில்லன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். உங்களுக்குக் குடுத்த வேலையைப் பறிச்சுடமாட்டாரு.”

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலி வரியைத் திரையில் காட்டி, ஆர்டரெல்லாம் எப்படி அழிந்தது என்று உளறிக் கொட்டினான். அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்போ நான் எதையும் தப்பா அழுத்தலையா தம்பி?”

“இல்ல அண்ணி. நீங்க செஞ்சது சரிதான்.”

அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். “ஆஸ்பத்திரியில அந்தப் பெரியவரோட மக என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு தம்பி. நான்தான் கொல்லப் பார்த்தேன்னு நெனச்சு நெனச்சு...” விம்மினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“முதலாளி உங்ககிட்ட போன்ல கேட்டாராமே, அப்பவே உங்களுக்கு இது தெரியுமா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “தெரியும்.”

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. அவள் எழுந்து, மேஜைமேல் கிடந்த அவன் போனை எடுத்து நீட்டினாள்.

“முதலாளிக்குப் பேசுங்க” என்றாள். தம்பி என்று சொல்லவில்லை.