மேலிருந்து வந்த அழைப்பு

பனி ஏரியின் நீர்மட்டம் வர வேண்டிய கட்டம் அன்றைக்கும் காலியாகத்தான் இருந்தது. ஆற்றுக் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து சங்குக்காரர் திரையை முறைத்தார். எல்லைக்கு அந்தப் பக்கம், மலையுச்சியில், பனி உருகித் தேங்கிய ஏரி அது. வெயில் ஏற ஏற வருஷா வருஷம் ஊதிக்கொண்டே போகிறது. உடைத்துக்கொண்டால் இந்த ஊர் தலையில்தான் வந்து விழும். அதனால் தினமும் அளவைச் சொல்வதாக இரண்டு நாடுகளும் கையெழுத்துப் போட்டிருந்தன. போன மாதம் பருவநிலை மாநாட்டில் யார் எவ்வளவு புகையைக் குறைப்பது என்று பெரிய மனிதர்கள் முட்டிக்கொண்டார்கள். கோபித்துக்கொண்ட அந்த நாடு அளவு சொல்வதை நிறுத்திவிட்டது.

சங்குக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். போன கோடையில் உத்தரவு வந்து அபாயச் சங்கை ஒலிக்கவிட்டார், வெள்ளம் வரவில்லை. அன்றிலிருந்து கடைக்குப் போனால்கூட, "என்ன சங்கு, இன்னைக்கு ஓடணுமா?" என்பார்கள். இனி எழுத்தில் உத்தரவில்லாமல் பொத்தானைத் தொட்டால் வேலை போய்விடும் என்று மேலதிகாரி சொல்லி வைத்திருந்தார்.

மதியம் கைபேசி அடித்தது. ஏரியின் காவலர். நேரில் பார்த்ததே இல்லை, தினமும் பேசிப் பேசியே அண்ணன் தம்பி ஆனவர்கள்.

"தம்பி, அளவச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

"தெரியும்ணே."

"உன் பொண்ண மேட்டுக்கு அனுப்பிடு. இப்பவே."

"நீங்க எங்கண்ணே இருக்கீங்க?"

"ஏரிக்கரையிலதான். வேற எங்க போக?"

தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் மணியே அடிக்கவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார். "அந்த நாட்டு ஆள் பேச்ச நம்பியா? எழுத்துல வரட்டும்யா" என்று வைத்துவிட்டார்.

வீடு ஆற்றோரத் தெருவில். மனைவியைக் கைபேசியில் பிடித்து, "பாப்பாவத் தூக்கிட்டு மேட்டுக்குப் போ. எதுவும் கேக்காத" என்றார்.

"பக்கத்து வீட்டக்கா வாசல்லயே நிக்கிறாங்க. எங்க போறேன்னு கேட்டா என்ன சொல்றது?"

அவர் பயந்தாங்கொள்ளிதான், அது அவருக்கே தெரியும். மேலதிகாரியிடம் பயம், ஊர்ச் சிரிப்பில் பயம், இப்போது தண்ணீரும் சேர்ந்துகொண்டது. "அவங்களையும் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவசரத்தில் முதலில் அறை விளக்கை அணைத்துத் தொலைத்தார். அப்புறம்தான் சங்கு அலறியது.

ஜனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது, ஆற்றில் முழங்காலளவு தண்ணீர். சிலர் ஓடினார்கள். பலர் பாலத்தில் சாய்ந்து நின்று படமெடுத்தார்கள். "சங்கு ஆரம்பிச்சுட்டாருடோய்!"

"ஓடுங்கய்யா, ஓடுங்க!" கத்திக்கொண்டே பாலத்துக்கு ஓடினார். இதுவும் பொய்யாகப் போகட்டும், வேலை போனால் போகிறது என்று மனசு கெஞ்சியது. தூரத்தில் மனைவி பாப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறுவது தெரிந்தது. பின்னால் அந்த அக்கா, இரண்டு கையிலும் பிள்ளைகள். பாதி வழிகூட ஏறவில்லை.

பாலத்தில் சிரித்துக்கொண்டிருந்த ஒருவன் கைபேசியை மெல்ல இறக்கினான். கலங்க ஆரம்பித்த தண்ணீரில், கதவளவு பனிக்கட்டி ஒன்று, அந்த உச்சி வெயிலில், கற்களில் இடித்து இடித்து வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.