வாளிச் சேற்று மின்சாரம்

மதுரையில் நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்யும் பவித்ரா, போடிமெட்டுச் சரிவிலுள்ள சித்தப்பா விஜயபாண்டியின் ஏலத்தோட்டத்தில் ஒரு வாளி நிறைய ஓடைச் சேறு வைத்திருந்தாள். சேற்றின் அடியில் கார்பன் இழையால் நெய்த ஒரு கரித்துணி, மேலே நின்ற தண்ணீரில் இன்னொன்று, இரண்டையும் இணைக்கும் கம்பியில் கடுகளவு சிவப்பு விளக்கு. சேற்றுப் பாக்டீரியாக்கள் தரும் மின்சாரம் சிறுகச் சிறுகச் சேர்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது மினுக்கும்.

விஜயபாண்டி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். போடியிலிருந்த சம்பந்தி லிங்கேஸ்வரனுக்கும் செய்தி போனது. பிள்ளைகள் கல்யாணத்தில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று நான்கு வருடமாகப் பேசாமலிருந்தவர் அவர். இது பொய்யென்று நேரில் சொல்லவே ஜீப்பு ஏறி வந்தார்.

அன்று பார்த்து விளக்கு மினுக்கவில்லை. கம்பியெல்லாம் சரியாகவே இருந்தது. யாராவது வாளியைத் தொட்டார்களா என்று பவித்ரா கேட்டாள். காலையில் ஒரு குச்சியால் நன்றாகக் கலக்கிவிட்டதாக விஜயபாண்டி ஒப்புக்கொண்டார்.

“அடியில காத்தில்லாம கெடக்குதுகன்னு நீதான ஆத்தா சொன்ன? பாவமா இருந்துச்சு.”

“காத்து இல்லாததாலதான் சித்தப்பா கரண்ட்டே வருது.”

தின்றதிலிருந்து வரும் எலக்ட்ரானை எங்காவது தள்ளினால்தான் எந்த உயிரும் பிழைக்க முடியும் என்று அவள் விளக்கினாள். நாம் அதை ஆக்சிஜனிடம் தள்ளுகிறோம். ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் இந்தப் பாக்டீரியாக்கள் உடம்புக்கு வெளியே நீளும் நுண்ணிய இழைகள் வழியாகக் கரித்துணியிடம் தள்ளுகின்றன. இப்போது காற்று கிடைத்துவிட்டதால் துணியைச் சீண்டவில்லை. அந்தக் காற்று தீர வேண்டும்.

லிங்கேஸ்வரன் நாற்காலி கேட்டார். “தீரட்டும். பாத்துட்டுத்தான் போவேன்.”

வாளிக்கு இருபுறமும் சம்பந்திகள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சேற்றையே பார்த்தார்கள். தோட்டத்தில் வேலை பார்க்கும் ஆயம்மாள் காப்பி கொடுத்தாள். பிறகு லிங்கேஸ்வரன், இந்த வருடம் காய் பொடிசாக இருக்கிறதே என்றார். விஜயபாண்டி மழையைக் குறை சொன்னார். பேச்சு பேரனிடம் வந்தது. அவன் மூக்கு யார் வீட்டு மூக்கு என்பதில் குரல்கள் உயர்ந்தன. நடுவில் விஜயபாண்டி மெதுவாகச் சொன்னார்:

“அன்னைக்கு மொதப் பந்திக்கு ஒங்களைத் தேடுனேன் சம்பந்தி. நீங்க போட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்தீக.”

லிங்கேஸ்வரன், நின்றது உண்மைதான் என்றார். பிறகு மீண்டும் மூக்குக்கு வந்தார்.

அப்போது விளக்கு மினுக்கியது. ஆயம்மாள்தான் பார்த்துச் சொன்னாள். லிங்கேஸ்வரன் திரும்பாமலே, எரியட்டும் என்று கையை ஆட்டினார். பவித்ரா மட்டும் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

போடிக்குப் போகும் கடைசி ஜீப்பு இறங்கிப் போன சத்தம்கூடச் சம்பந்திகளுக்குக் கேட்கவில்லை. ஆயம்மாள் இன்னொரு ஆளுக்கும் சேர்த்து உலை வைத்தாள்.