டெய்லரின் வெளிச்சப் பொட்டு

கைக்கடிகாரக் கண்ணாடியிலிருந்து நீக்கப்படும் பளபளப்பு எங்கேயும் போய்விடுவதில்லை. பூச்சு போட்டு அதை நீக்குகிற கோட்டிங் அக்காவின் கடைக் கூரையில் ஏறி ஒட்டிக்கொள்ளும். முதலில் ஏறியது ஒரு பஸ் டிரைவருடைய கடிகாரத்தின் பளபளப்பு. வெயிலில் மணி பார்த்தால் முள்ளுக்குப் பதிலாகச் சூரியன்தான் தெரிகிறது என்று அலுத்துக்கொண்டு அவர் அதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அக்கா வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றினாள். கைரேகையும் தூசியும் போகக் கழுவி, காற்றை உறிஞ்சி எடுக்கும் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு பக்கமும் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய பூச்சுகளை ஆவியாக ஏற்றினாள். பெட்டி புஸ்ஸென்று திறந்தபோது, கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தடவித்தான் பார்க்க வேண்டும் என்ற அளவுக்குத் தெளிவாக வந்தது. கூடவே எலுமிச்சை அளவில் ஒரு வெளிச்சப் பொட்டும் வெளியே வந்து, மேசையில் சற்றுத் தயங்கி, சுவரில் ஊர்ந்து ஏறி, மின்விசிறிக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது. அக்கா அண்ணாந்து பார்த்தாள். பிறகு அடுத்த கண்ணாடியை எடுத்தாள். வேலை நிறையக் கிடந்தது.

சில வருடங்களில் கூரை நிறைந்துவிட்டது. டாக்டர்களுடைய பொட்டுகள் ஓரிடத்தில் நிற்காமல் பரபரத்தன. ஓய்வு பெற்றவர்களுடையவை மூலையில் கூடிக்கொண்டு அசையவே மறுத்தன. கடையில் ட்யூப்லைட் போடுவதை அக்கா நிறுத்திவிட்டாள். விளக்கு எரியாத கடை இப்படி ஜெகஜோதியாக இருக்கிறதே என்று மின்வாரியத்திலிருந்து ஒருவர் சந்தேகத்தோடு வந்தார். மீட்டரைத் தட்டிப் பார்த்தார், ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார், கடைசியில் தன் கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். வேலை முடிந்து வாங்க வருகிறவர்கள் எல்லோரும், கண்ணாடி உண்மையிலேயே இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். பூச்சு ஏறிய கண்ணாடியில் கைரேகை அப்பட்டமாகத் தெரியும். "கண்ணால பாருங்க, கையால பாக்காதீங்க" என்று அக்கா அன்றாடம் கத்துவாள். அடுத்தவர் வந்து அதையே செய்வார்.

அக்காவின் கணவர் எதிர்மாடியில் டெய்லர். தலையில் முடி கொட்டியதே ஒழிய, கையில் தையல் ஒருநாளும் கோணியதில்லை. பேச்சு மட்டும் அளந்துதான் வரும், துணி மாதிரி. கீழே தெருவில் நாள் முழுக்க வண்டிகள் அலறும், கூப்பிட்டால் கேட்காது. போன் என்பது வாடிக்கையாளர்களுக்கு என்பது அவர் கொள்கை. அதனால் மதிய வெயில் அவருடைய ஜன்னலுக்குள் இறங்கும் நேரத்தில், மணிக்கட்டை வெளியே நீட்டிக் கடிகாரக் கண்ணாடியைத் திருப்புவார். அக்காவின் கடைச் சுவரில் ஒரு பொட்டு விழும். ஒருமுறை மின்னினால் டீ போட்டாயிற்று, மேலே வா. இரண்டுமுறை மின்னினால் இன்று எனக்கு வேலை தலைக்கு மேல், நீ வீட்டுக்குக் கிளம்பு. மின்னாமல் சுவரில் மெதுவாக ஒரு வட்டம் போட்டு, அக்காவின் இடது கன்னத்தில் வந்து நின்றால் எதுவுமில்லை, சும்மா. கல்யாணமான நாளிலிருந்து இந்தச் 'சும்மா' ஒருநாள் தவறியதில்லை. அக்கா அதைக் கையால் துடைப்பது போலத் துடைத்து, "ஆமா, வேற வேலையே இல்ல" என்பாள். அவள் அப்படிச் சொல்லாத நாளும் கிடையாது.

இப்படி இருக்கும்போது ஒரு வாடிக்கையாளர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஊருக்கெல்லாம் கோட்டிங் போடறீங்க, உங்க வீட்டுக்காரர் வாட்ச் மட்டும் கண்ணைப் பறிக்குதே" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்குச் சுருக்கென்றது. கணவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கடிகாரத்தை எடுத்துப் போனாள். யாருக்கும் செய்யாத அளவுக்குப் பூச்சின் மேல் பூச்சாக, பொறுமையாக, ஒரு தூசி விழாமல் செய்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் ஊதா நிறம் லேசாகத் தெரியும், அவ்வளவுதான். அவர் கையில் அவளே கட்டிவிட்டாள். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார்.

மறுநாள் மதியம் எதிர்மாடியிலிருந்து எதுவும் மின்னவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வாழ்நாளெல்லாம் பளபளப்பை அழிப்பதையே தொழிலாகக் கொண்டவளுக்கு, தன் கன்னத்தில் வந்து நிற்பதும் அதே பளபளப்புதான் என்பது ஏனோ உறைக்கவில்லை. அவளுக்கு அது பளபளப்பு இல்லை, அவர். எனவே அவர்தான் மறந்துவிட்டார் என்று முடிவு கட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எதிர்மாடியில் டெய்லரோ, யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே அளவைப் புரிந்துகொள்ளும் மனிதர். போதும் உன் விளையாட்டு என்பதைத்தான் அவள் இப்படி நாசூக்காகச் சொல்லியிருக்கிறாள் என்று அவரும் ஒரு முடிவு கட்டினார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம் மட்டும் கேட்டது. உப்பு வேண்டும் என்றால்கூட இருவரும் உப்பைப் பார்த்துத்தான் பேசினார்கள். அக்காவுக்கு மனசு விட்டுப்போயிற்று. இத்தனை வருடமும் தான் கன்னத்தில் வாங்கிக்கொண்டது வெறும் பழக்கதோஷமோ என்று நினைக்கத் தொடங்கினாள்.

குட்டு உடைந்தது ஜெராக்ஸ் கடைக்காரரால். "என்னக்கா, டெய்லருக்குக் கை வலியா?" என்றார் அவர். "தினமும் இந்நேரத்துக்கு ஜன்னல்ல நின்னு மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிட்டே இருக்காரு. அப்புறம் வாட்ச்சைப் பாத்துட்டு உள்ள போயிடறாரு. நல்ல தைலமா வாங்கிக் குடுங்க."

அக்கா கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள். கைரேகை பதிய வைத்தாள். அவள் வாழ்க்கையில் அது முதல் தடவை. பிறகு அண்ணாந்து பார்த்தாள். கூரையெங்கும் பொட்டுகள், ஒன்றைப் போல் இன்னொன்று. இதில் எது என்று எங்கே போய்த் தேடுவது? மதிய வெயில் எதிர்மாடியில் இறங்கியது. மின்விசிறிக்குப் பின்னாலிருந்து ஒன்று மட்டும் கழன்று சுவருக்கு வந்தது. மெதுவாக ஒரு வட்டம் போட்டது. வந்து அவள் இடது கன்னத்தில் நின்றது. பாவம், அது இத்தனை நாளும் நேரம் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இவள்தான் எதிர்மாடியில் மின்னவில்லை என்றதும் கோபித்துக்கொண்டு, ஜன்னலுக்கும் சுவருக்கும் முகம் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா இந்த முறை அதைத் துடைக்கவில்லை. அழுதாள்.

அதை அவரிடம் கொண்டுபோவது எப்படி என்பது அடுத்த பாடு. துணியில் பிடித்தால் நழுவியது, டப்பாவில் போட்டு மூடினால் அணைவது போல் மங்கியது. கடைசியில் பக்கத்துக் கடையில் அடுப்பை இரவல் வாங்கி அக்காவே டீ போட்டாள். அவளுக்கும் டீக்கும் ஏழாம் பொருத்தம் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் பொட்டுக்கு ருசி தெரியாது; டம்ளரில் ஏடு படியாமல் மின்னிய டீயில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஒரு சொட்டு சிந்தாமல் அவள் தெருவைக் கடந்தாள். ஹாரன் அடித்த லாரிக்காரர்கூட டம்ளரைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார்.

"வாட்ச்சைக் குடுங்க, கோட்டிங்கைச் சுரண்டி எடுத்துடறேன்" என்றாள் அக்கா.

"எதுக்கு? நீ போட்டது சுத்தமா இருக்கு. மணி நல்லாத் தெரியுது" என்றார் டெய்லர்.

"அப்ப இதை என்ன பண்றது? நான் தெரியாமப் பண்ணிட்டேங்க. வேணாம்னு பண்ணல."

டெய்லர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்து ஒரு வாய் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தே டீ எப்படியிருந்தது என்று தெரிந்தது. அவர் குனிந்த அந்த நேரத்தில், பொட்டு டீயை விட்டு எம்பி, நேராக அவருடைய வழுக்கைத் தலையில் போய் உட்கார்ந்தது. இடம் விசாலமாக இருந்தது அதற்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். அப்புறம் இறங்கவே இல்லை. அக்கா பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"தலையை ஆட்டிப் பாருங்க."

அவர் ஆட்டினார். எதிர்க்கடைச் சுவரில் வெளிச்சம் ஒரு வட்டம் போட்டது.

அன்றிலிருந்து மதியமானால் டெய்லர் ஜன்னலில் நின்று தன் மனைவியின் கடையைப் பார்த்துத் தலைகுனிகிறார். ஒருமுறை குனிந்தால் டீ, இருமுறை குனிந்தால் வேலை. தெருவில் போகிறவர்கள், பெண்டாட்டிக்கு இத்தனை மரியாதை கொடுக்கிற மனிதரைப் பார்த்ததில்லை என்று பேசிக்கொள்வார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் கை வலி கழுத்துக்கு ஏறிவிட்டது என்று அதே தைலத்தைச் சிபாரிசு செய்துவருகிறார். மேகம் மூடிய நாட்களில் மட்டும் கூரையிலிருக்கும் பொட்டுகளோடு டெய்லர் தலையில் இருப்பதும் தூங்கிவிடும். அன்றைக்கு அவர் மிஷினை நிறுத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே தெருவைக் கடந்து கடைவாசலில் வந்து நிற்பார். என்ன என்பது போல அக்கா நிமிர்ந்து பார்ப்பாள்.

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்.