பேசும் துளைகளில் சந்தனம்

அது எண்பத்தைந்தா, எண்பத்தாறா என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. பேச்சுகளில் ஒன்றிரண்டு முன்பின்னாகவும் இருக்கலாம். ஆனால் ஆயுத பூஜைக்கு மறுநாள்தான் சகாதேவன் மெட்ராஸ் பஸ் ஏறினார் என்பதில் சந்தேகமில்லை.

வேங்கிக்காலில் வாடகைக் கொட்டகை ஒன்றில் அவர் இன்டர்காம் போன் செய்துவந்தார். வேலைக்கு ஆறு பெண்கள். அவர்களில் கஸ்தூரியின் வேலைதான் சுத்தம். மெட்ராஸ் கம்பெனி ஒன்று முந்நூறு போன் வாங்க இருந்தது. போட்டிக்கு நின்றது கொரியாவில் செய்த போன் செட். இரண்டிலும் பேசிப் பார்த்து முடிவு செய்வார்களாம். ஆர்டர் வராவிட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான் என்று சகாதேவன் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

மாதிரி போன் இரண்டையும் கஸ்தூரிதான் செய்தாள். பூஜையன்று அவற்றுக்குச் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகப் பொட்டு வைத்தாள்.

"சாமிக்குக்கூட இவ்ளோ வெக்க மாட்டாடி இவ," என்றாள் கூட வேலை செய்த தனம்.

"கொரியாக்காரனுக்கு எவ பொட்டு வெப்பா? அதான் நம்மளுது ஜெயிக்கும்," என்றாள் கஸ்தூரி.

மூன்றாம் நாள் சகாதேவன் திரும்பினார். பையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னாங்கண்ணா ஆச்சு?" என்று கஸ்தூரி கேட்டாள்.

"நம்மளுது கெணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்குதாம். கொரியா செட்டு கணீர்னு கேட்டுது. எனக்கே கேட்டுதும்மா. திறந்து பாக்கறேன்னேன், டைம் இல்லன்னுட்டாங்க."

கஸ்தூரி பையிலிருந்த மாதிரி போன்களை எடுத்துத் திறந்தாள். மைக்கின்மேல் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. பேசுகிற இடம் இதுதானே என்று துளைகளின் மேலேயே பொட்டு வைத்தது நினைவுக்கு வந்தது. வெளியே இருந்ததைச் சகாதேவன் துடைத்திருக்கிறார். உள்ளே இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. இரண்டையும் ஊசியால் சுரண்டினாள். நீளமான ஒயரால் இணைத்து, ஒன்றைத் தனத்திடம் கொடுத்துக் கொட்டகையின் மறுகோடிக்கு அனுப்பினாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"நல்லா கேக்குதுடி!" என்று தனம் அங்கிருந்து கத்தினாள். பிறகு அவளுக்கும் புரிந்துவிட்டது.

வெளியே ஒரு பஸ் போயிற்று.

"நாந்தாங்கண்ணா வெச்சேன். திரும்பப் போயி காட்டலாங்களா?"

"அவங்க கொரியாக்காரனோட கையெழுத்து போட்டுட்டாங்கம்மா." பிறகு அவரே சொன்னார்: "நீ வெக்கலன்னா நான் வெச்சிருப்பேன்."

அதற்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை என்று கஸ்தூரிக்குத் தோன்றியது.

தை மாதம் கொட்டகை மூடப்பட்டது. சகாதேவன் கீழ்பென்னாத்தூரில் டி.வி. ரிப்பேர் கடை வைத்தார். தனம் கல்யாணமாகிப் போளூர் போனாள். மற்ற நால்வரும் கழனி வேலைக்குத் திரும்பினார்கள். கஸ்தூரி மெட்ராஸில், கொரியாவிலிருந்து வரும் போன் பாகங்களைப் பொருத்தித் தரும் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே ஆயுத பூஜைக்கு மேசைக்கு மட்டும் பொட்டு வைப்பாள், போனுக்கு வைப்பதில்லை.